பட்டன் அனுப்புவது வெறும் எண்

1638-இல் இத்தாலியின் ரவென்னாவில் அச்சான ஒரு புத்தகத்தில், மேடை முழுவதையும் கண்ணிமைக்கும் நேரத்தில் இருட்டாக்குவது எப்படி என்று ஒரு பகுதி வருகிறது. எழுதியவர் நிக்கோலா சபாத்தினி, பெசாரோ ஊர்க்காரர், கட்டடக் கலைஞர். மேடையில் கடல் புரளவும் மேகம் இறங்கவும் நரகம் வாய் பிளக்கவும் பொறிகள் செய்வது எப்படி என்று விளக்கிய மனிதர். இருட்டுக்கும் ஒரு பொறி சொன்னார். ஒவ்வொரு விளக்குக்கும் மேலே ஒரு தகர உருளை தொங்கும். எல்லா உருளைகளின் கயிறுகளும் ஓரிடத்தில் வந்து சேரும். கயிற்றைத் தளர்த்தினால் உருளைகள் ஒன்றாக இறங்கிச் சுடர்களை மூடும்; இழுத்தால் ஒன்றாக மேலேறும். சுடர் எதுவும் அணைவதில்லை, அதனால் திரும்ப ஏற்றும் வேலையும் இல்லை.

இன்று ஓர் அலுவலகத்தின் கூட்ட அறையில் 'ப்ரொஜெக்டர்' என்று எழுதிய பட்டனை அழுத்துகிறோம். திரைக்கு முன்னால் இருக்கும் விளக்குகள் அணைகின்றன, மேசைக்கு மேலே உள்ளவை கால்வாசிக்கு இறங்குகின்றன, ஃபால்ஸ் சீலிங்கின் ஓரத்து ஸ்ட்ரிப் லைட் மட்டும் மங்கலாக நிற்கிறது. சபாத்தினியின் கயிறு செய்ததும் இதே வகை வேலைதான்: ஒரு கை அசைவு, பல விளக்குகள். ஆனால் அவருடைய கயிற்றுக்கு இரண்டே நிலைகள்தான் தெரியும். இங்கே ஒவ்வொரு விளக்குக்கும் வெவ்வேறு அளவு. எந்த விளக்கு எவ்வளவு எரிய வேண்டும் என்று ஒரு பட்டியல், அந்தப் பட்டியலுக்கு ஒரு பெயர் அல்லது எண். இதைத்தான் கட்டட ஆட்டோமேஷன் வேலை செய்கிறவர்கள் 'சீன்' என்கிறார்கள்.

பட்டியல் போடுவது சுலபம். போட்ட பட்டியலை யார் ஞாபகம் வைத்துக்கொள்வது என்பதில்தான் முந்நூற்றுச் சொச்சம் ஆண்டுகள் போயின.

முதலில் அது மனிதர்களின் தலையில்தான் இருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் நாடக அரங்குகளுக்கு எரிவாயு வந்தபோது, மேடைக்குப் போகும் குழாய்கள் எல்லாவற்றின் திருகுகளையும் ஓரிடத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். அந்த 'கேஸ் டேபிள்' முன்னால் நிற்பவர் எந்தக் காட்சிக்கு எந்தத் திருகை எவ்வளவு திருப்புவது என்று அறிந்து வைத்திருந்தார். 1881 அக்டோபரில் லண்டனில் ரிச்சர்ட் டாய்லி கார்ட் சவாய் தியேட்டரைத் திறந்தார். ஜோசப் ஸ்வானின் மின்விளக்குகள் ஏறத்தாழ 1,200 அங்கே எரிந்தன. முழுவதும் மின்சாரத்தால் ஒளியூட்டப்பட்ட முதல் பொதுக் கட்டடம் அதுதான். மின்சாரம் என்றால் தீப்பிடிக்கும் என்று பயந்த கூட்டத்துக்கு முன்னால், எரியும் பல்பு ஒன்றை மேடையிலேயே உடைத்துக் காட்டினார் கார்ட். கூட்டம் கை தட்டியது.

மின்சாரம் வந்ததும் அளவைக் குறைப்பது தலைவலியானது. எரிவாயுவுக்குத் திருகு போதும். மின்சாரத்துக்கு வழியில் ஏதாவது தடை வைக்க வேண்டும். உப்புத் தண்ணீர் நிரப்பிய ஜாடியில் இரண்டு உலோகத் தகடுகளை வைத்து, ஒன்றை ஏற்றி இறக்கி வெளிச்சத்தை மாற்றிய அரங்குகள் உண்டு. தகடுகள் நெருங்கினால் வெளிச்சம், விலகினால் மங்கல். நீளமான காட்சி என்றால் தண்ணீர் கொதித்து ஆவி கிளம்பும். பிறகு வந்த கம்பிச்சுருள் ரெசிஸ்டன்ஸ் டிம்மர்கள் கொதிக்கவில்லை, ஆனால் சுட்டன. ஒவ்வொன்றுக்கும் ஒரு கைப்பிடி. பெரிய நாடகம் என்றால் நாலைந்து எலக்ட்ரீஷியன்கள் வரிசையாக நின்று, ஒருவர் முழங்கையாலும் இன்னொருவர் முழங்காலாலும்கூடக் கைப்பிடிகளைத் தள்ளுவார்கள். எதை எப்போது எவ்வளவு என்பது கையில் இருக்கும் காகிதத்தில். நினைவு தலையிலிருந்து காகிதத்துக்கு இறங்கியது, அதோடு சரி.

இந்தக் கூட்டத்தை ஒரே ஆளாகக் குறைக்க ஆசைப்பட்டவர் லண்டனின் ஸ்ட்ராண்ட் எலக்ட்ரிக் நிறுவனத்தில் இருந்த ஃபிரடெரிக் பென்தம். 1935-இல் அவர் காட்டிய 'லைட் கன்சோல்' பார்ப்பதற்கு ஆர்கன் வாத்தியம். கட்டைகளும் கால் மிதிகளும் உண்மையிலேயே சினிமா அரங்கு ஆர்கன் செய்த காம்ப்டன் நிறுவனத்தினுடையவை. உட்கார்ந்து வெளிச்சத்தை வாசிக்கலாம் என்பது அவர் கனவு. அழகான கனவு, ஆனால் வாசிப்பவருக்குத் தேர்ச்சி வேண்டும்.

அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஐசனவர் வேறு திசையில் யோசித்தார். 1947-இல் அவர் தைரட்ரான் என்ற வாயு நிரப்பிய வால்வுகளைக் கொண்டு மின்னணு டிம்மர் செய்தார். இது மின்சாரத்தை வழியில் தடுத்துச் சூடாக்குவதில்லை. ஒவ்வோர் அரைச் சுற்றிலும் ஒரு பகுதியை வெட்டிவிட்டு மீதியை விளக்குக்கு அனுப்பும். எங்கே வெட்டுவது என்று சொல்ல மிகச் சிறிய மின்னழுத்தம் போதும். இதன் பலன் பெரியது. ஆள் உயரக் கைப்பிடியின் வேலையை விரல் நுனியளவு குமிழ் செய்யலாம் என்றால், ஒரே விளக்குக்குப் பல குமிழ்கள் வைக்கலாம் அல்லவா?

பிரீசெட் பலகை அப்படித்தான் பிறந்தது. ஒரு வரிசை முழுக்கக் குமிழ்கள், விளக்குத் தொகுதிக்கு ஒன்று. அதற்குக் கீழே அதே மாதிரி இன்னொரு வரிசை, அதற்குக் கீழே இன்னொன்று. முதல் வரிசையில் முதல் காட்சியின் அளவுகள், இரண்டாவதில் இரண்டாம் காட்சியின் அளவுகள். மேடையில் முதல் காட்சி ஓடும்போதே உதவியாளர் மூன்றாம் வரிசையைத் திருகி வைப்பார். இயக்குபவர் ஒரே ஒரு நெம்புகோலை நகர்த்தினால் முதல் வரிசையின் வெளிச்சம் கரைந்து இரண்டாம் வரிசையினுடையது எழும். சீன் என்று இன்று நாம் சொல்வது முழு உருவத்தோடு தெரிவது இங்கேதான். நினைவு காகிதத்திலிருந்து குமிழ்களின் கோணத்துக்குப் போய்விட்டது. யாராவது கை தவறிப் பலகையைத் தடவினால் ஒரு காட்சியே அழிந்துவிடும் என்பது வேறு விஷயம்.

பிராட்வே மேடைக்கு மின்னணு நினைவகம் வர இன்னும் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆனது. 1975-இல் பிராட்வேயில் 'எ கோரஸ் லைன்' நாடகத்துக்கு ஒளியமைத்த தாரன் மஸ்ஸர், எல்.எஸ்.-8 என்ற கணினி நினைவுப் பலகையைக் கொண்டுவந்து வைத்தார். பிராட்வேயில் அதுவே முதல் தடவை. அதுவரை பியானோ அளவுப் பெட்டிகளில் ரெசிஸ்டன்ஸ் டிம்மர்களை உருட்டிக்கொண்டுவந்து நாடகம் நடத்திய ஊர் அது. அடுத்த ஆண்டு மஸ்ஸருக்கு டோனி விருது கிடைத்தது. பியானோப் பெட்டிகளுக்கு ஓய்வு கிடைத்தது.

மேடையை இங்கே விட்டுவிட்டு வீட்டுக்கு வருவோம். வெளிச்சக் காட்சி மேடையிலிருந்து கட்டடத்துக்கு இடம்பெயர்ந்ததற்கு ஒரு முகவரி சொல்லச் சொன்னால் நான் கனெக்டிகட் மாநிலத்தின் நியூ கேனனில் உள்ள கண்ணாடி வீட்டைத்தான் சொல்வேன். கட்டடக் கலைஞர் பிலிப் ஜான்சன் தனக்காக 1949-இல் கட்டி முடித்தது. நான்கு பக்கமும் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி. பகலில் மரமும் புல்லும் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கும். பொழுது சாய்ந்து உள்ளே ஒரு விளக்கைப் போட்டதும் எல்லாம் போய்விடும்: நான்கு கண்ணாடியும் கறுத்து, எங்கே திரும்பினாலும் தன் உருவமும் விளக்கின் உருவமும் மட்டும். ஜான்சன் மெழுகுவத்தியோடு காலம் தள்ளிப் பார்த்தார்.

பிறகு ரிச்சர்ட் கெல்லி வந்தார். யேலில் கட்டடக்கலை படித்தவர், மேடை வெளிச்சத்தில் மனம் வைத்தவர். பிரச்சினை வீட்டுக்குள் இல்லை, வெளியே இருக்கிறது என்று கண்டுகொண்டார். சுற்றியிருந்த மரங்களுக்கும் புல்தரைக்கும் வெளிச்சம் பாய்ச்சினார், உள்ளே வெளிச்சத்தை அடக்கினார். உள்ளே இருப்பதைவிட வெளியே பிரகாசம் கூடியதும் கண்ணாடி மறுபடி கண்ணாடியானது. தோட்டம் திரும்பி வந்தது. கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இங்கே எந்த ஒரு விளக்கும் தனியாகச் சரியோ தப்போ கிடையாது. வெளி விளக்குக்கும் உள் விளக்குக்கும் இடையிலான விகிதம் சரியாக இருந்தால்தான் காட்சி நிற்கும். உள் விளக்கை மட்டும் யாராவது சற்றுக் கூட்டினால் கண்ணாடி மறுபடி கறுக்கும். அப்படியென்றால் எல்லா விளக்குகளும் ஒன்றாக, தத்தம் அளவோடு, ஒரே அசைவில் வர வேண்டும். மேடையில் அதைச் செய்ய ஆள் இருந்தார். வீட்டில் யார் இருக்கிறார்?

வீட்டுச் சுவருக்குள் அடங்கும் டிம்மர்கூட அப்போது கிடையாது. ரெசிஸ்டன்ஸ் டிம்மரைச் சுவருக்குள் புதைத்தால் சுவர் சுடும். ஐசனவரின் வால்வுகளுக்கு அலமாரி வேண்டும். 1957-இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்திலிருந்து தைரிஸ்டர் என்ற சிலிக்கன் சாதனம் வந்தது. தைரட்ரான் வால்வின் அதே வெட்டும் வேலை, நகத்தளவுக் கட்டியில். இரண்டு ஆண்டுகள் கழித்து நியூயார்க் அடுக்ககம் ஒன்றின் உபரி அறையில் ஜோயல் ஸ்பைரா என்பவர், சாதாரணச் சுவிட்ச் பெட்டிக்குள் அடங்கும் டிம்மரைச் செய்தார். 1961-இல் மனைவி ரூத்தோடு சேர்ந்து பென்சில்வேனியாவில் லூட்ரான் நிறுவனத்தைத் தொடங்கினார்.

அதன் பிறகு நான்கைந்து டிம்மர்களை ஒரே பெட்டியில் போட்டு, பக்கத்தில் சீன் பட்டன்களை வைத்த சுவர்ப் பலகைகள் வந்தது இயல்பான அடுத்த படி. ஹோட்டல் விருந்து மண்டபங்களிலும் நிர்வாகக் குழு அறைகளிலும் இவை புகுந்தன. மேடையின் பிரீசெட் பலகை அப்படியே சுருங்கிச் சுவரில் ஏறியது. ஆனால் ஒவ்வொரு விளக்குத் தொகுதியிலிருந்தும் அந்தப் பெட்டி வரை வயர் இழுக்க வேண்டும். கட்டும்போதே யோசித்தால் உண்டு. கட்டி முடித்த பிறகு என்றால் சுவரைக் கொத்த வேண்டும்.

கொத்தாமல் செய்ய முடியாதா என்று கேட்டவர்கள் ஸ்காட்லாந்தின் கிளென்ராதெஸ் ஊரில் இருந்த பைகோ எலக்ட்ரானிக்ஸ்காரர்கள். 1975-இல் அவர்கள் உருவாக்கிய எக்ஸ்10, வீட்டில் ஏற்கெனவே ஓடும் மின்கம்பியிலேயே செய்தியையும் ஏற்றி அனுப்பியது. 16 எழுத்து, 16 எண், மொத்தம் 256 முகவரிகள். 1978-இல் அமெரிக்கக் கடைகளில் விற்பனைக்கு வந்தது. ஆனால் விளக்கு ஒன்றுக்கு முகவரியும் கட்டளையும் அனுப்பி முடிக்க முக்கால் நொடி ஆகும். பத்து விளக்குகளை வெவ்வேறு அளவில் நிறுத்த வேண்டும் என்றால் ஏழெட்டு நொடி, ஒன்றன் பின் ஒன்றாக. பார்ப்பவருக்கு அது காட்சி மாற்றம் இல்லை. யாரோ அறை அறையாக நடந்து சுவிட்ச் போடுகிற மாதிரி.

இந்த இடத்தில் கதை திரும்புகிறது. அதுவரை எல்லோரும் பட்டியலை நடுவில் வைத்துக்கொண்டு, அங்கிருந்து ஒவ்வொரு விளக்குக்கும் அளவைச் சொல்லி அனுப்பினார்கள். மேடை உலகம் இன்றும் பெரும்பாலும் அப்படித்தான். 1986-இல் அமெரிக்க மேடைத் தொழில்நுட்பச் சங்கம் வகுத்த டி.எம்.எக்ஸ்.512 முறையில், பலகையிலிருந்து புறப்படும் கம்பி 512 சேனல்களின் அளவையும் நொடிக்கு 44 தடவை வரை ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். விளக்குக்கு எதுவும் ஞாபகம் இருக்க வேண்டியதில்லை.

1990-களின் பின்பாதியில் ஐரோப்பாவின் எலக்ட்ரானிக் சோக் தயாரிப்பாளர்கள் சேர்ந்து டாலி என்ற முறையை வகுத்தபோது இதைத் தலைகீழாக்கினார்கள். டாலியின் கம்பி வேகம் நொடிக்கு 1,200 பிட்தான். ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்க அதற்குத் தெம்பு இல்லை. ஆகவே பட்டியலைத் துண்டு துண்டாக்கி விளக்குகளிடமே கொடுத்துவிட்டார்கள். ஒரு கம்பியில் 64 விளக்குகள் வரை. ஒவ்வொன்றின் சோக்குக்குள்ளும் 16 சீன்களுக்கான சிறு அட்டவணை. 'சீன் 3-க்குப் போ' என்று ஒரே ஒரு கட்டளை கம்பியில் போகும். ஒவ்வொரு விளக்கும் தன் அட்டவணையில் மூன்றாம் வரியைப் பார்த்துத் தன் அளவுக்குப் போய்ச் சேரும். பக்கத்து விளக்கு என்ன செய்கிறது என்று அதற்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

அந்த அட்டவணையில் எனக்கு மிகவும் பிடித்த எண் 255. 0 என்றால் அணைந்துவிடு, 254 என்றால் முழு வெளிச்சம். 255 என்றால் இந்த சீன் உனக்குச் சம்பந்தப்பட்டதல்ல, நீ இருந்தபடியே இரு. இந்த ஒரு எண் இல்லாவிட்டால் சீனை அழைக்கும்போதெல்லாம் எல்லா விளக்கும் ஏதாவது செய்தாக வேண்டியிருக்கும். வரவேற்பறைப் படத்தின் மேல் விழும் ஸ்பாட் லைட் எந்த சீனிலும் கலைய வேண்டாம் என்றால், எல்லா வரியிலும் அதற்கு 255. சும்மா இருப்பதையும் ஒரு கட்டளையாக எழுதி வைத்த பொறியாளர் யாரென்று தெரிந்தால் கை குலுக்கலாம்.

வயரில்லாத் தொழில்நுட்பம் இந்த யோசனையைத்தான் பிடித்துக்கொண்டது. பிடித்துக்கொள்ளாமல் இருந்திருந்தால் பிழைத்திருக்காது. 2003-இல் ஐ.இ.இ.இ. அமைப்பு 802.15.4 என்ற குறைந்த சக்தி ரேடியோத் தரத்தை வெளியிட்டது. அதன்மேல் கட்டியது ஜிக்பீ. தேனீக்கள் ஆடி ஆடி ஒன்றுக்கொன்று வழி சொல்லிக்கொள்வதிலிருந்து வந்த பெயர். உலகெங்கும் உரிமம் வேண்டாத 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நொடிக்கு 250 கிலோபிட். டாலியோடு ஒப்பிட்டால் வேகம் தாராளம். ஆனால் கம்பி தனக்கே சொந்தம்; காற்று எல்லோருக்கும் சொந்தம். அதே அலைவரிசையில் வைஃபை பேசுகிறது, புளூடூத் பேசுகிறது, மைக்ரோவேவ் அடுப்பும் இரைகிறது. ஒரு விளக்கு பேசும்போது மற்றவை வாய் மூடிக் காத்திருக்க வேண்டும். தூரத்து விளக்குக்குச் செய்தி போக நடுவில் இருப்பவை வாங்கித் திரும்பச் சொல்ல வேண்டும்.

2012-இல் வந்து வயரில்லா விளக்கை வீட்டுச் சாமானாக்கிய பிலிப்ஸ் ஹியூவைப் பாருங்கள். தனித்தனி விளக்குகளுக்குக் கட்டளை அனுப்புவதாக இருந்தால் நொடிக்குப் பத்துக்கு மேல் வேண்டாம் என்று அதற்கு மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு அறிவுரை சொல்லியிருக்கிறார்கள். நாற்பது விளக்குள்ள கூடத்தில் ஒவ்வொன்றாகச் சொன்னால் நான்கு நொடி. அந்த நான்கு நொடியும் விளக்குகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக, வரிசை இல்லாமல் மாறும். வாணலியில் சோளம் பொரிவதைப் போல இருப்பதால் தொழிலில் இதற்கு 'பாப்கார்ன்' என்றே பெயர். வாடிக்கையாளருக்கு சிஸ்டத்தின் மேல் நம்பிக்கை போக இந்த ஒரு காட்சி போதும்.

ஜிக்பீயின் தீர்வு மூன்று பைட்டில் அடங்கிவிடுகிறது. எந்தக் குழு என்று இரண்டு பைட், எந்த சீன் என்று ஒரு பைட். தலைப்பு, முகவரி எல்லாம் தனி. சொல்ல வந்த விஷயம் இவ்வளவுதான். குழுவில் இருக்கும் நாற்பது விளக்கும் அதைக் கேட்டு, தத்தம் அட்டவணையைத் திறந்து, வெளிச்சம் எவ்வளவு, நிறம் என்ன, எத்தனை நொடியில் போய்ச் சேர வேண்டும் என்று பார்த்துக்கொள்கின்றன. நாற்பதுக்குப் பதில் நூறு விளக்கு இருந்தாலும் அதே மூன்று பைட்.

பட்டியலை விளக்குக்குள் எழுதுவதும் அதே சிக்கனத்தோடுதான். அளவுகளை ஒவ்வொன்றாக எழுதி அனுப்பலாம். அதைவிட நல்ல வழி, விளக்குகளை வேண்டியபடி நிறுத்திவிட்டு, 'இப்போது இருக்கிறபடியே சீன் 2 என்று வைத்துக்கொள்' என்று ஒரு வரி சொல்வது. ஒவ்வொரு விளக்கும் தன் நிலையைத் தானே படம் பிடித்துக்கொள்ளும். கம்பிவழி கட்டட ஆட்டோமேஷனில் நெடுநாள் புழங்கும் கே.என்.எக்ஸ். முறையிலும் இதே சூட்சுமம் உண்டு: சீன் எண்ணோடு போகும் ஒரே ஒரு பிட், பூஜ்யமானால் அழைப்பு, ஒன்றானால் பதிவு. பட்டனைச் சட்டென்று அழுத்தினால் சீன் வரும். அழுத்திப் பிடித்தால் இப்போதைய நிலை பதிவாகும். விருந்தினர் வீட்டுக் குழந்தை அழுத்திப் பிடித்துக் கலைத்த சீன்களைத் திரும்ப அமைப்பதற்கென்றே போய் வந்தவர்கள் இந்தத் தொழிலில் உண்டு. அதனால் அனுபவசாலிகள் அந்த வசதியை முதலிலேயே அடைத்துவிடுவார்கள்.

ஒரே செய்திதான் என்றாலும், விளக்குக்கு விளக்கு தாவிப் போகும்போது கடைசி விளக்குக்குச் சற்றுத் தாமதமாகத்தான் கிடைக்கும். இங்கே ஐசனவரின் நெம்புகோல் கைகொடுக்கிறது. சட்டென்று மாறினால் அந்தத் தாமதம் கண்ணில் குத்தும். ஒரு நொடியோ இரண்டு நொடியோ எடுத்துக் கரைந்து மாறினால் எந்த விளக்கு முந்தியது, எது பிந்தியது என்று யாருக்கும் தெரியாது. மேடையில் அழகுக்காகச் செய்தது காற்றில் போகும் செய்தியின் குறையை மறைக்கவும் உதவுகிறது. சீன் அமைப்பவர்கள் மாற்ற நேரத்தைப் பூஜ்யமாக வைத்துவிட்டு 'சிஸ்டம் விட்டு விட்டு வேலை செய்கிறது' என்று புகார் வாங்குவது இதனால்தான்.

விளக்கு வயரில்லாமல் ஆனது போலச் சுவிட்சும் ஆனது. மியூனிக் அருகே ஓபர்ஹாஹிங்கில் 2001-இல் சீமென்ஸிலிருந்து பிரிந்து பிறந்த என்ஓஷன், பேட்டரியும் இல்லாத சுவிட்சைச் செய்தது. அழுத்தும் விரலின் விசையில் உள்ளே ஒரு காந்தம் புரள்கிறது. சுருளில் துளி மின்சாரம் பிறக்கிறது. அந்தத் துளியை வைத்தே ரேடியோ செய்தி போய்விடுகிறது. ஒரு செய்தி நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட நீடிப்பதில்லை. வேறு எதோடாவது மோதிவிட்டால் என்ன செய்வது என்று, இடைவெளி மாற்றி மூன்று தடவை அனுப்பிவிட்டு ஓய்ந்துவிடும். அவ்வளவு கொஞ்ச சக்தியில் சீன் விவரமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. 'நான் இன்னார், என் இந்தப் பட்டன் அழுத்தப்பட்டது' என்று தன் அடையாள எண்ணை மட்டும் சொல்லும். அதற்கு என்ன செய்ய வேண்டும் என்பது கேட்பவர் பாடு. கண்ணாடித் தடுப்பில் இரட்டைப் பக்க டேப் வைத்து ஒட்டிய சீன் சுவிட்சை அலுவலகங்களில் பார்த்திருப்பீர்கள். அதில் பல இந்த வம்சம்தான். 2014-இல் வந்த ஹியூ டேப் என்ற நாலு பட்டன் வட்டமும் இதே தத்துவம்.

ஃபின்லாந்தில் முன்னாள் நோக்கியாக்காரர்கள் 2011-இல் தொடங்கிய கசாம்பி, நடுவில் கட்டுப்பாட்டுப் பெட்டியே இல்லாமல், விளக்குகளுக்கு மின்சாரம் ஊட்டும் டிரைவருக்குள்ளேயே புளூடூத்தை வைத்தது. நெட்வொர்க்கை அமைக்கக் கையில் போன் இருந்தால் போதும். 2017 ஜூலையில் புளூடூத் அமைப்பே, விளக்குக்கு விளக்கு செய்தி தாவிப் போகும் தன் மெஷ் தரத்தை வெளியிட்டபோது அதிலும் சீன் உண்டு, அங்கும் அது விளக்குக்குள்ளேதான். சீன் எண் 65,535 வரை போகலாம். ஆனால் ஒரு விளக்கு ஞாபகம் வைத்துக்கொள்ளும் வரிகள் 16. டாலியின் அதே பதினாறு. எனக்குத் தெரிந்து பதினாறையும் உண்மையில் பயன்படுத்தும் அறை இல்லை. போனில் 'சூரிய அஸ்தமனம்', 'பனிமலை', 'ரொமான்ஸ்' என்று எத்தனை இருந்தாலும், வீட்டில் விரல் போவது 'எல்லாம் எரி', 'டிவி', 'தூங்கு' மூன்றுக்கும்தான்.

சரி, அமைப்பது எப்படி? கூட்ட அறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். விளக்குகளை முதலில் நெட்வொர்க்கில் சேர்த்தாகிவிட்டது. ஏணியில் ஏறாமல் எது எது என்று கண்டுபிடிக்க, போனில் ஒவ்வொன்றாகத் தொட்டு மினுக்க வைத்துப் பெயர் எழுத வேண்டும்: ஜன்னல் வரிசை, மேசை 1, மேசை 2, திரை. 'லைட் 17' என்று அப்படியே விட்டுவிட்டால் ஆறு மாதம் கழித்து வருகிறவர் உங்களைத் திட்டுவார். அடுத்து குழு. அதற்கும் அடுத்துத்தான் சீன்.

நண்பகலில் உட்கார்ந்து மாலைச் சீனை அமைக்கக் கூடாது. ஜன்னல் வெளிச்சத்தில் 20 விழுக்காடு என்பது எரிகிறதா என்றே தெரியாது. இரவில் அதுவே போதும் போதும் என்றிருக்கும். கண் வெளிச்சத்தை நேர் கணக்கில் அளப்பதில்லை. மீட்டர் பத்தில் ஒரு பங்கு என்று காட்டும் வெளிச்சம் கண்ணுக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகத் தெரியும். ஆகவே போனில் காட்டும் எண்ணைப் பார்க்காமல், அறையில் யார் எங்கே உட்காருவாரோ அந்த நாற்காலியில் உட்கார்ந்து அமைப்பதே முறை. முதலில் மேசைக்கு வேண்டியது, பிறகு எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகம், சுவர் கடைசியில். ப்ரொஜெக்டர் சீனில் திரைமேல் சிந்தும் விளக்கை முழுதாக அணைத்துவிட்டு, குறிப்பு எடுப்பவருக்கு மேசையில் கொஞ்சம் விட வேண்டும். துப்புரவுக்கு என்று எல்லாம் முழுசாக எரியும் ஒரு சீன் கட்டாயம் வையுங்கள்; இல்லாவிட்டால் இரவில் பெருக்க வருகிறவர் 'மீட்டிங்' வெளிச்சத்தில் தூசி தேட வேண்டியிருக்கும். அவசரகால விளக்குகளை எந்த சீனிலும் சேர்க்கவே கூடாது.

இவ்வளவும் செய்தபின் வாடிக்கையாளர் கேட்கும் முதல் கேள்வி: 'இந்த சீனை எப்படி ஆஃப் பண்ணுவது?' நியாயமான கேள்வி, ஆனால் சீனுக்கு ஆஃப் கிடையாது. அது போய்ச் சேரும் இடம். அங்கிருந்து வேறோர் இடத்துக்குப் போகலாம், அவ்வளவுதான். அதனால் 'எல்லாம் அணை' என்பதும் தனி சீனாக இருக்கும். 'ப்ரொஜெக்டர்' சீன் வந்தபின் ஒருவர் மேசை விளக்கை மட்டும் கொஞ்சம் கூட்டினால் இப்போது ஓடுவது அதே சீனா, இல்லையா? ஜிக்பீ இதற்கென்று ஒவ்வொரு விளக்குக்குள்ளும் ஒரு குறிப்பு வைத்திருக்கிறது. கடைசியாக அழைத்த சீன் எது என்பது தனியே இருக்கும். அதன்படியே இன்னும் இருக்கிறேனா என்பதற்கு ஆம் அல்லது இல்லை. கை பட்ட விளக்கில் அது 'இல்லை' ஆகும், மற்றவற்றில் 'ஆம்' என்றே நிற்கும். பட்டனின் பச்சை விளக்கு எரிய வேண்டுமா கூடாதா என்று தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வேறு வேறு முடிவு எடுப்பது இந்தக் குழப்பத்தில்தான்.

நினைவை விளக்குக்குள் வைத்ததற்கு ஒரு விலையும் உண்டு. யாரோ பழைய பழக்கத்தில் சுவர் சுவிட்சை அணைத்துவிட்டால் விளக்குக்கு மின்சாரமே இல்லை, காதும் இல்லை. சீன் வந்து போனது அதற்குத் தெரியாது. மறுபடி மின்சாரம் வந்ததும் தன் போக்கில் எரியும். விளக்கு பழுதாகிப் புதிது மாட்டினால் இன்னும் மோசம். கடையிலிருந்து வந்த டிரைவரின் அட்டவணை வெற்று அட்டவணை. குழு எண்ணும் அதற்குத் தெரியாது. சீன் அழைப்பு காற்றில் வரும், நாற்பதில் முப்பத்தொன்பது கேட்கும், புதிது மட்டும் முழு வெளிச்சத்தில் நின்றுகொண்டிருக்கும். பராமரிப்பு ஆள் ஏணியிலிருந்து இறங்கி, அதை நெட்வொர்க்கில் சேர்த்து, பெயரிட்டு, குழுவில் போட்டு, ஒவ்வொரு சீனாக அழைத்து, அதை மட்டும் சரியான அளவுக்குக் கொண்டுவந்து, பதிவு செய்ய வேண்டும். அந்த அளவு எவ்வளவு என்று பக்கத்து விளக்கிடம் கேட்க முடியாது. முதலில் அமைத்தவர் ஒரு தாளில் எழுதிச் சுவிட்ச் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்தால் பத்து நிமிட வேலை.